கொஞ்சம் ஒன்பதாகக் கிடக்கு

சண்முகநாதன் அந்த வேலையில் சேர்ந்த முதல் சனிக்கிழமையே நூற்றிருபது பேரை முக்கால் மணித்தியாலம் இருட்டில் இருத்தி வைத்தார்.

பிழை முழுக்க அவருடையது என்று சொல்ல முடியாது. பாதர்ஸ்ட் வீதிக்குப் பக்கத்திலுள்ள அந்த யூதர் கோயிலில் வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி பொழுதுபடும் வரை ஓய்வுநாள். அதற்குள் விளக்குப் போடக்கூடாது, நூர்க்கவும் கூடாது. யூதரல்லாத காவலாளியான சண்முகநாதனைக் கூப்பிட்டு, "லைற்றைப் போடு" என்று ஏவவும் கூடாது. ஆனால் இருட்டைப் பற்றி அவருக்கு முன்னால் நின்று பொதுவாகக் கவலைப்படலாம். அதற்குத் தடையில்லை. அன்று காலை பியூஸ் போய்விட்டது. நரைத்த தாடிக்காரர் ஒருவர் மெதுவாக நடந்து வந்து, "இங்கே இருட்டாக இருக்கிறது, இல்லையா?" என்றார்.

"ஓம் சேர், சரியான இருட்டு" என்று மனப்பூர்வமாக ஒத்துக்கொண்டார் சண்முகநாதன்.

தாடிக்காரர் திரும்பிப் போனார். இன்னொருவரை அனுப்பினார்கள். "எனக்கு எழுத்துத் தெரியவில்லை" என்றார் வந்தவர்.

"வயசு போனா அப்பிடித்தான் சேர். கண் ஒப்பரேசன் செய்யலாம்."

சமையலறையில் உதவிக்கு நின்ற புனிதவதி வந்து தலையிலடித்துக்கொண்ட பிறகுதான் வெளிச்சம் வந்தது. "அண்ணை, உங்களுக்கு மாமியார் இல்லையே? 'பின்னேரமாப் போச்சுப்போல கிடக்கு' எண்டு என்ரை மாமியார் சொன்னா, தேத்தண்ணி போடு எண்டு அருத்தம். உது உலகத்துக்கே தெரியும்."

இது நடந்து பதினான்கு வருடமாகிறது. இப்போது சண்முகநாதன் மோர்னிங்சைடிலிருந்து இரண்டு பஸ் மாறி விடிய ஆறரைக்கே வந்து கதவு திறக்கிறார். அவர் அதைக் கோயில் என்றுதான் சொல்வார். சங்கமும், சங்கத்துக்குள் சண்டையும், சண்டைக்குப் பிறகு சாப்பாடும் உள்ள இடத்தை வேறென்ன பெயரால் அழைப்பது?

அங்கே அவருக்கு மிக வேண்டியவர் றூபன். எழுபத்தெட்டு வயது. கட்டடங்களைச் சூடாக்கும் பொயிலர் திருத்தும் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் கோயிலின் பொயிலர் அவரை ஓய்வு பெற விடவில்லை. இருவரும் கீழறையில் அதற்குப் பக்கத்தில் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து கதைப்பார்கள். றூபன் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் சண்முகநாதனின் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழும். ஆகவே இங்கேயும் அப்படியே எழுதப்படுகிறது. தலைமைக்குழுவிலிருந்த அலெக்ஸாண்டரின் ஆங்கிலம் மட்டும் அவருக்கு வானொலிச் செய்தி மாதிரிக் கேட்கும்.

றூபனின் மனைவி பெய்லாதான் அந்தக் கோயிலின் புதன்கிழமைச் சூப்பைத் தொடங்கியவர். தங்குமடத்தில் இருப்பவர்கள், புதிதாக வந்து அகதிக் கோரிக்கை போட்டவர்கள், வேலை போனவர்கள் என்று எழுபது எண்பது பேர் வருவார்கள். வாசலில் தயங்கி நிற்பவரிடம், "பசிக்குதோ?" என்று பெய்லா ஒருநாளும் கேட்டதில்லை. "இண்டைக்குச் சூப் கூடிப்போச்சு, என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை" என்று கவலைப்படுவார். பாவம், மனுசிக்கு உதவி செய்வோம் என்ற பெருந்தன்மையோடு அவர்கள் உள்ளே வந்து இரண்டு கிண்ணம் குடிப்பார்கள். பெய்லா கண்ணை மூடிய பிறகும் சூப் புதன்தோறும் கூடிப்போய்க்கொண்டேதான் இருந்தது. றூபன் உருளைக்கிழங்கு உரித்தார், புனிதவதி கிண்டினார். அலெக்ஸாண்டர் அதற்கு 'கௌரவம் சார்ந்த உணவுப் பகிர்வு முன்னெடுப்பு' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் பலகையில் அடங்கவில்லை; கடைசிச் சொல்லைச் சுவரில் எழுத வேண்டி வந்தது.

போன கார்த்திகை மாதத்துப் புதன்கிழமை ஒன்று. ஏழரை மணி. சின்ன அறையில் காலைத் தொழுகை நடந்துகொண்டிருந்தது. சண்முகநாதன் நடையைத் துடைத்தபடி வந்தபோது, கதவோரம் றூபன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல கோட்டு, சவரம் செய்த முகம். பொயிலரிடம் அவர் இப்படி உடுத்து வருவதில்லை.

"என்ன றூபன் அண்ணை, விசேசமே?"

"பெய்லாவின்ரை நாள்."

சண்முகநாதனுக்கு உடனே விளங்கியது. யூதர்களும் திவசத்தை இங்கிலீசுத் தேதியில் பார்ப்பதில்லை, அவர்களுக்கென்று ஒரு சந்திரக் கணக்கு இருக்கிறது. அன்றைக்கு இறந்தவருக்காகக் கடிஷ் என்ற துதியைச் சொல்ல வேண்டும். தனியே நின்று சொல்ல முடியாது. வயதுவந்த யூதர் பத்துப்பேர் கூடியிருக்க வேண்டும். இந்தக் கோயிலில் பெண்களும் கணக்குத்தான். ஆனால் ஒன்பது என்றால் ஒன்பதுதான். அதில் இரக்கத்துக்கு இடமில்லை.

"அப்ப ஏன் வெளியிலை நிக்கிறியள்?"

"ஒரு ஆள் குறையுது. வழமையா வாற மனுசன் குளிருக்குப் பயந்து புளோரிடாவுக்குப் போட்டுது. மெலனி எட்டு மணிக்கு வெளிக்கிட்டிடுவாள், அவளுக்கு மிசிசாகாவிலை ஆசுப்பத்திரி டியூட்டி. பிறகு எட்டுப் பேர்."

"பின்னேரம் சொல்லேலாதே?"

"கிழமை நாளிலை இஞ்சை காலமை மட்டும்தான். பொழுதுபட்டா நாள் முடிஞ்சுது."

சண்முகநாதன் நடையின் மறுபக்கத்தைப் பார்த்தார். பெரிய அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அலெக்ஸாண்டரோடு சேர்த்து ஏழு பேர். ஏழும் கலப்பில்லாத யூதர். ஏழு மணிக்கே அவர்களுக்கு பேகல் ரொட்டியும் கோப்பியும் வைத்தவர் அவர்தான். "உதிலை ஏழு பேர் இருக்கினமே! ஒராளைக் கூப்பிட்டுக்கொண்டு வாறன்."

றூபன் அவருடைய கையைப் பிடித்தார். "வேண்டாம். பெய்லா உயிரோடை இருக்கேக்கை ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேட்டவள் இல்லை. அவளுக்கெண்டு நான் ஆள் இரக்க மாட்டன். வாறதெண்டா தானா வரவேணும். நீயும் கேக்கப்படாது, சண்."

"சரி, கேக்கேல்லை."

"சத்தியம்?"

"சத்தியம்."

சத்தியம் செய்த வாயோடு சண்முகநாதன் சமையலறைக்குப் போனார். புனிதவதி கரட் வெட்டிக்கொண்டிருந்தார். விசயத்தைக் கேட்டதும் கத்தி நின்றது.

"சத்தியம் பண்ணிப்போட்டியளே? உங்களுக்கு விசரே அண்ணை?"

"மனுசன்ரை முகத்தைப் பார்த்தனான், தங்கச்சி. வேறையென்ன சொல்லிறது?"

"உவையள் ஏழு பேரும் என்னத்தைக் கதைக்கினம்?"

"தொழுகைக்கு ஏன் ஆக்கள் வருகினமில்லை எண்டு."

புனிதவதி கரட்டைப் பார்த்தார். கரட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "எத்தினை மணி?"

"ஏழு நாப்பத்திரண்டு."

"இஞ்சை பாருங்கோ. கேக்கிறதில்லை எண்டுதானே சத்தியம்? முதல் சனிக்கிழமை அந்தத் தாடிக்காரர் உங்களை லைற் போடச் சொல்லிக் கேட்டவரே?"

சண்முகநாதன் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினார். பிறகு கோப்பிப் போத்தலை எடுத்தார்.

பெரிய அறைக் கதவில் ஒரு அறிவித்தல் தொங்கியது: 'ஒன்றிணைதலுக்கான சிறப்புக் குழு. உள்ளே வரவேண்டாம்.' அதன் பொருத்தத்தை யாரும் அலெக்ஸாண்டருக்குச் சொல்லியிருக்கவில்லை. போன மாதம் பொயிலர் ஒழுகுகிறது என்று சொல்லக் கதவைத் திறந்ததற்காகச் சண்முகநாதனுக்கு இரண்டு பக்கக் கடிதம் வந்தது. தலைப்பு, 'உள்ளகத் தொடர்பாடல் ஒழுங்குகள்'. கடிதத்தை வாசித்து முடிப்பதற்குள் கீழறையில் கணுக்கால் அளவு தண்ணீர். இனியொரு கடிதம் வந்தால் அது இவ்வளவு நீளமாக இராது என்று அவருக்குத் தெரியும்.

கதவைத் திறந்தார்.

திரையில் வட்ட வரைபடம் ஒன்று ஐந்து நிறத்தில் தெரிந்தது. அலெக்ஸாண்டர் ஒரு கம்பியால் அதன் நீலத் துண்டைத் தொட்டுக்கொண்டிருந்தார். "நேயர்களே, இந்த நீலப் பகுதியினர்தான் நம்முடைய சவால். இவர்கள் சமூகத்தை நேசிக்கிறார்கள், ஆனால் அதற்கு வருகை தருவதில்லை. வருகை தராமையின் ஆழமான வேர்களை நாம் இன்று…"

"கோப்பி" என்றார் சண்முகநாதன்.

"மேசையில் ஏற்கெனவே இருக்கிறது."

"ஓம் சேர். நிறையக் கிடக்கு." போத்தலை வைத்தார். போகவில்லை. ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். அந்தத் தாடிக்காரர் அன்று எப்படி நின்றார் என்பதை நினைவுபடுத்தி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "சின்ன அறையிலை கொஞ்சம் ஒன்பதாக் கிடக்கு, இல்லையா?" என்றார்.

ஏழு முகங்களும் திரையை விட்டு அவர் பக்கம் திரும்பின.

அலெக்ஸாண்டர் கம்பியை இறக்கினார். "சண், மனிதர்களை இலக்கம் வைத்து எண்ணுவது எங்கள் மரபில் இல்லை. இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்."

"நான் ஆக்களை எண்ணேல்லை சேர். அறையைச் சொன்னனான்." பிறகு, யாரிடமும் இல்லாமல், திரையிலிருந்த நீலத் துண்டிடம்: "றூபன் அண்ணை இண்டைக்கு நல்ல கோட்டுப் போட்டிருக்கிறார். எட்டு மணிக்கு இன்னும் கொஞ்சம் எட்டாப் போகும்."

முதலில் எழுந்தது கஸ்பர் என்ற பல் வைத்தியர். பேகல் வாயில் இருந்தபடியால் ஒன்றும் சொல்லவில்லை, தொப்பியை மட்டும் சரிசெய்துகொண்டு போனார். "பெய்லா!" என்று நெஞ்சில் கை வைத்தபடி பின்னாலிருந்த அம்மா ஒருவர் எழுந்தார். ஓய்வுநாள்களில், 'இங்கே குளிர்கிறதே' என்று பதினான்கு வருடமாகச் சண்முகநாதனிடம் சொல்லி வந்தவர்கள் அவர்கள்; இந்தப் பாசையை அவர்களுக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. கதிரைகள் இழுபட்டன. ஒரு நிமிடத்தில் ஆறு பேர் போய்விட்டார்கள்.

அலெக்ஸாண்டர் வட்ட வரைபடத்தோடு தனியே நின்றார்.

"நான் இன்னும் பரிந்துரைகளுக்கு வரவில்லை" என்றார்.

"அது தெரியுது சேர்."

அலெக்ஸாண்டர் திரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு கம்பியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு அவரும் போனார். கம்பி இல்லாமல் நடக்கும்போது அவரும் சாதாரண மனிதர் மாதிரித்தான் இருந்தார்.

சண்முகநாதன் துடைப்பத்தோடு சின்ன அறை வாசலில் நின்றார். ஏழு ஐம்பத்தொன்று. றூபன் திரும்பிப் பார்த்தார். பார்த்தவருக்குக் கணக்கு உடனே பிடிபடவில்லை. மற்ற எட்டுப் பேரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். றூபன் புத்தகத்தைத் திறந்தார், ஆனால் அதைப் பார்க்கவில்லை. அந்தத் துதியில் சாவைப் பற்றி ஒரு சொல் கூட இல்லையென்று றூபன் ஒருமுறை பொயிலருக்குப் பக்கத்தில் இருந்து சொல்லியிருக்கிறார். கடவுள் பெரியவர் என்பதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறதாம், அதைச் சொல்ல மிகக் கஷ்டமான நேரத்தில். குரல் முதல் வரியில் உடைந்தது, இரண்டாவது வரியில் ஒட்டிக்கொண்டது. பதினைந்து பேர் "ஆமேன்" என்றார்கள். எல்லாரையும் விட உரத்துச் சொன்னது அலெக்ஸாண்டர். அதற்காக அவரை மன்னிக்கலாம், அவருக்கு மெதுவாகச் சொல்லி வழக்கமில்லை.

எட்டு மூன்றுக்கு மெலனி ஒரு சப்பாத்தைக் கையில் பிடித்தபடி கார் தரிப்பிடத்துக்கு ஓடினாள்.

பிறகு நடையில் அலெக்ஸாண்டர் சண்முகநாதனைப் பிடித்துக்கொண்டார். முகம் மலர்ந்திருந்தது. "ஒரே காலையில் வருகை எழுபத்தெட்டு வீதம் உயர்ந்திருக்கிறது! குழு கூடியதன் நேரடிப் பலன் இது. நீங்கள் கையாண்ட அணுகுமுறையை அடுத்த கூட்டத்தில் விளக்க முடியுமா? பதினைந்து நிமிடம், படங்களோடு."

"ஈமெயில் போட்டுவிடுங்கோ சேர்" என்றார் சண்முகநாதன். உள்ளகத் தொடர்பாடல் ஒழுங்குகளின் மூன்றாம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

சமையலறையில் சூப் கொதிக்கத் தொடங்கியிருந்தது. றூபன் நல்ல கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, திவச நாளில் செய்வதுபோல ஒரு சின்ன விஸ்கிப் போத்தலையும் தேன் கேக்கையும் மேசையில் வைத்திருந்தார். சண்முகநாதனைக் கண்டதும் கண்ணைச் சுருக்கினார்.

"நீ கேட்டனியோ?"

"இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா. அறை எப்பிடிக் கிடக்கெண்டு கதைச்சனான், அவ்வளவுதான்."

"நான் சாட்சி" என்றார் புனிதவதி, அடுப்பைப் பார்த்தபடி. "ஒரு கேள்வியும் கேக்கேல்லை. உவருக்கு அறிவு வர பதினாலு வருசம் பிடிச்சது, வந்திட்டுது."

றூபன் சிரித்தார். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு. சிரித்து முடியக் கண்ணைத் துடைத்தார். உருளைக்கிழங்கு மூட்டையை இழுத்து வைத்து, ஒன்றை எடுத்து உரிக்கத் தொடங்கினார். பதினொரு மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். மூன்றாவது கிழங்கில் கை நின்றது. கேக்கைப் பார்த்தார், மேசைக்கு அந்தப் பக்கம் வெறுமையாக இருந்த கதிரையைப் பார்த்தார்.

"இண்டைக்குக் கேக் கூடிப்போச்சு" என்றார், கவலையோடு. "என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

"ஓம், கூடத்தான்" என்று சொல்லிவிட்டுச் சண்முகநாதன் நிற்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.