போனில் இடமில்லை

சிமியோனை அடக்கம் செய்வதற்கு முந்தைய நாள் மாலை, அவருடைய மருமகள் மெர்லிண்டா சவப்பெட்டிக்கு எதிரே நின்று போனை உயர்த்திப் பிடித்தாள். குடும்பப் படம் எடுப்பதற்காகச் சொந்தக்காரர்கள் பெட்டியைச் சுற்றி வரிசையாக நின்றிருந்தார்கள். கப்பலில் இருக்கும் சிமியோனின் மகன், அவள் கணவன் ரொடெலும் அதில் இருக்க வேண்டும் என்று, சட்டமிட்ட அவனுடைய கல்யாணப் படத்தை ஒரு தம்பி முறைக்காரன் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தான். மெர்லிண்டா பொத்தானைத் தொட்டாள். படம் விழவில்லை. போனில் இடமில்லை என்று திரை சொன்னது.

"எல்லாரும் சிரிக்காம நிக்கிறோம், சீக்கிரம் எடு" என்றான் படத்தைப் பிடித்திருந்தவன். "ரொடெல் மட்டும்தான் கோட்டு போட்டுச் சிரிச்சுட்டு இருக்கான்."

வேறொருவர் போனில் அந்தப் படத்தை எடுத்தார்கள். மெர்லிண்டாவின் கவலை அந்தப் படம் அல்ல. மறுநாள் காலை நடக்கப்போவதுதான்.

ரொடெல் ஒரு சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் எண்ணெய் போடுகிறவன். அவன் அப்பா இறந்தபோது கப்பல் இரும்புத் தாதோடு நடுக்கடலில் இருந்தது. கப்பலில் எழுத்துச் செய்தி மட்டும் வந்து போகும். படமும் வீடியோவும் கரைக்கு வந்தால்தான். அவன் எழுதியிருந்தான்: "எனக்காகக் காத்திருக்க வேணாம். அடுத்த துறைமுகத்துக்கு அஞ்சு வாரம் ஆகும். வீட்டுலேருந்து கல்லறை வரைக்கும் நிறுத்தாம எடு. வெட்டாம எடு. நான் பாத்தாதான் எனக்கு அது நடந்த மாதிரி."

அது புதுப் பழக்கம் இல்லை. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் அவன் ஒன்பது மாதம் போய்விடுவான். அந்த ஒன்பது மாதத்தில் வீட்டில் நடந்ததையெல்லாம் மெர்லிண்டா எடுத்து வைப்பாள். மகள் லிசெலின் பிறந்தநாள், பள்ளிக்கூட நடனம், புயலில் பக்கத்து வீட்டுக் கூரை பறந்தது, மீன் சந்தைக்குப் போகிற வழி. அவன் வந்ததும் கட்டிலில் சாய்ந்துகொண்டு முதலிலிருந்து வரிசையாகப் பார்ப்பான். சாப்பாட்டுத் தட்டு அங்கேயே போகும். வீட்டுக்குள் இருந்துகொண்டே சில நாட்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருப்பான். பார்த்து முடித்ததை அழித்துவிடலாம்; அவன் பார்க்காததை அழிக்கக் கூடாது. அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம் அது.

பிலிப்பைன்ஸில், இலோய்லோ நகரத்துக்கு மேற்கே கடலோரத்தில் அவர்கள் இருக்கும் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் கப்பலில் இருக்கிறார்கள். அதனால் அவள் பிரச்சினை எல்லாருக்கும் உடனே புரிந்தது. ஆளுக்கு ஆள் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றிலும் இடமில்லை. ஒன்றில் கரோக்கே பாட்டு, ஒன்றில் கூடைப்பந்து, இன்னொன்றில் தினமும் காலையில் யாராவது அனுப்பும் ரோஜாப்பூவும் ஜெபமும்.

வாசலில் சீட்டாட்ட மேசையில் உட்கார்ந்திருந்த, அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் மனோங் என்று கூப்பிடும் செல்சோ தன் போனைத் தூக்கிக் காட்டினார். அவர் சிமியோனோடு சேர்ந்து சண்டைச் சேவல் வளர்த்தவர்.

"என்னோடது ஒரு வருஷமா எதையுமே வாங்கறதில்ல. உள்ள போனது வெளிய வராது, வெளிய இருக்கறது உள்ள போகாது."

"அழிக்கத் தெரியாதா மனோங்?" என்று மேசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

"தெரியாது. கண்ணாடி போட்டாலும் அந்தக் குப்பைத்தொட்டிப் படம் எனக்குத் தெரியறதில்ல."

"அப்ப அது போன் இல்ல, செங்கல்."

"செங்கல்தான். காத்தடிச்சா சீட்டு பறக்காம இருக்கு பாரு" என்று அதைச் சீட்டுக்கட்டின் மேல் வைத்தார். மேசை சிரித்தது. விளையாட்டில் எடுக்கிற பங்கு அடக்கச் செலவுக்குப் போகும் என்பதால் சிரிப்பை யாரும் தவறாக நினைக்கவில்லை.

அடைப்பதற்குள் ஓடிப்போய் சந்தை முனைப் போன் கடையில் மெர்லிண்டா மெமரி கார்டு கேட்டாள். கடைக்காரன் போனைப் புரட்டிப் பார்த்தான். முப்பத்திரண்டு ஜிபி. கார்டு போடும் இடமே இல்லாத மாடல்.

"புதுசா வாங்கினா எவ்வளவு இருக்கறதா வாங்கணும்?"

"யாரு கேட்டாலும் என் பதில் ஒண்ணுதான் மேடம். இப்ப இருக்கறதப்போல ரெண்டு மடங்கு. அதை வாங்கினவங்களும் ரெண்டு வருஷத்துல வந்து இதையேதான் கேப்பாங்க."

புதிய போன் வாங்குகிற வாரம் அல்ல அது. அவள் திரும்பி வந்தாள்.

ரொடெலின் அக்கா கெம்மா, பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் இடம் பண்ணிக் கொடுத்தாள். சின்னவளை இண்டாய் என்றும் அக்காவை மனாங் என்றும் கூப்பிடுவது அங்கே வழக்கம். "குடு இண்டாய், சேந்து பாக்கலாம். என்னென்ன இருக்கு?"

லிசெலின் வீடியோக்கள் இருந்தன. ரொடெல் கப்பலேறிய பிறகு எடுத்தவை. ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை. அவற்றுக்குக் கீழே வேறொரு கூட்டம் வந்தது. தரை, கோரைப்புல், முக்கோணக் கூடு, சேவல். மீண்டும் தரை, சேவல். ஒவ்வொன்றும் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம்.

"இது என்ன?"

"அப்பா எடுத்தது, மனாங். நான் லிசெலைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வந்ததும் போனை வாங்கிட்டு வேலிப்பக்கம் போயிருவார். சேவல் கால் எப்படி வைக்குதுன்னு சாயந்திரம் உக்காந்து பாப்பார். பாத்துட்டு சேவல் வளக்கறவங்களுக்கு அனுப்புவார்."

"எத்தனை இருக்கு பாரு. இந்த மனுஷன் நம்ம ஒருத்தரையாவது பத்து நிமிஷம் சேந்தாப்பல பாத்திருப்பாரா?"

அவள் குரலில் கோபம் இல்லை. மெர்லிண்டா ஒன்றைத் திறந்தாள். சிவப்புச் சேவல் மண்ணைக் கீறியது. ஓரத்தில் மாமனாரின் ரப்பர் செருப்பு நுனி வந்து போனது. இழவு வீடு என்பதால் போனின் சத்தத்தை அவள் முதல் நாளே அணைத்து வைத்திருந்தாள். சேவல் சத்தமில்லாமல் இறக்கையை அடித்தது.

"அழிச்சிரு" என்றாள் கெம்மா. "குழந்தையத் தொடாத. சேவலே செல்சோ வீட்டுக்குப் போகப் போகுது. அதோட வீடியோவ யாரு பாக்கறது?"

மெர்லிண்டா ஒவ்வொன்றாகத் தொட்டுக் குறித்தாள். அழித்தாள். அழித்தவை ஒரு மாதம் குப்பைக் கூடைக்குள் கிடக்கும் என்றும், அதுவரை இடம் கிடைக்காது என்றும் போன் சொன்னது. கூடையையும் காலி செய்தாள். இடம் வந்துவிட்டது.

மறுநாள் அவள் எல்லாவற்றையும் எடுத்தாள். பெட்டி வாசலைத் தாண்டியதும் சாவு பின்தொடராமலிருக்கத் தட்டை உடைத்தார்கள். அந்தச் சத்தம் பதிவானது. ஊர்வலத்துக்கு முன்னால் அவள் பின்பக்கமாக நடந்தாள். பள்ளம் வந்தால் யாராவது தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். கல்லறையில், இறந்தவர் பேத்தியின் கனவில் வராமலிருக்க லிசெலைப் பெட்டிக்கு மேலாகத் தூக்கிக் கைமாற்ற வேண்டும். தாய்தான் கொடுப்பாள். மெர்லிண்டாவின் இரண்டு கையும் போனில் இருந்ததால் கெம்மா கொடுத்தாள். எல்லாரும் பெட்டியைத் தொட்டுப் பூ வைத்தார்கள். மெர்லிண்டா அவர்களுடைய கைகளை எடுத்தாள். பெட்டி குழிக்குள் இறங்கி, சிமெண்டுப் பலகை மூடி, கொத்தனார் கரண்டியைத் தண்ணீரில் கழுவும் வரை அவள் நிறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து கைகழுவும்போதுதான், தான் பெட்டியைத் தொடவே இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

ஐந்து வாரம் கழித்துக் கப்பல் ஒரு சீனத் துறைமுகத்தில் போய் நின்றது. வீடியோ துண்டுதுண்டாகப் போய்ச் சேர அரை நாள் ஆனது. பிறகு ரொடெல் அழைத்தான். பின்னால் இரும்புச் சுவரும், காயப்போட்ட வேலை உடுப்பும் தெரிந்தன. கண் சிவந்திருந்தது.

"முழுசும் பாத்துட்டேன். கை ஆடாம எடுத்திருக்க."

"ஆடிருச்சு. ரெண்டு மூணு இடத்துல."

"பரவால்ல." அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "மெர்லி, அப்பா பேசறது எதாவது இருக்கா உன்கிட்ட?"

"இருக்கும். பாத்து அனுப்பறேன்."

தேடினாள். லிசெலின் பிறந்தநாளில் மாமனார் இருந்தார், நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தார். கிறிஸ்துமஸில் இருந்தார்; கையை ஆட்டினார். ஞானஸ்நான விருந்தில், பேசுங்கள் என்று யாரோ மைக்கை நீட்ட, சிரித்துக்கொண்டே எழுந்து போனார். ஆட்களுக்கு முன்னால் அவர் பேசுகிறவர் அல்ல. எல்லாவற்றிலும் அவர் இருந்தார். ஒன்றிலும் அவர் குரல் இல்லை.

மறுபடி அழைத்தபோது ரொடெலே சொன்னான். "சேவல் வீடியோ எடுப்பாரே, அதுல பாரு. அதுங்ககிட்டதான் வாய் ஓயாமப் பேசுவார். டோட்டோ, டோட்டோன்னு, சின்னப் பையனக் கூப்பிடற மாதிரி. சின்னப்போ என்னை அப்படித்தான் கூப்பிடுவார். மீசை வந்ததும் நிறுத்திட்டார். அப்புறம் சேவல்தான் டோட்டோ."

மெர்லிண்டா திரையில் தன் முகம் தெரியாதபடி போனைச் சற்றே சாய்த்தாள். பிறகு நேராகப் பிடித்தாள்.

"அதைத்தான் அழிச்சேன், ரொடெல். அடக்கம் எடுக்க இடம் இல்ல. கூடையையும் காலி பண்ணிட்டேன். சத்தத்தை அணைச்சு வெச்சிருந்தேன், அதான் எனக்குத் தோணவே இல்ல."

கப்பலில் எங்கோ ஒரு சங்கிலி இழுபடும் ஓசை வந்தது.

"நானா இருந்தாலும் அதைத்தான் அழிச்சிருப்பேன்" என்றான் கடைசியில்.

அவன் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அன்று முழுக்க அவள் அந்த வீடியோக்கள் வேறு எங்கே போயிருக்கும் என்றே யோசித்தாள். மாமனார் சேவல் வளர்ப்பவர்களுக்கு அனுப்புவார். அவர்களில் மூன்று பேரிடம் கேட்டாள். பார்த்தோம், அழித்துவிட்டோம் என்றார்கள். சேவல் வீடியோவை யார் வைத்திருப்பார்கள்? மாலையில் துணி மடிக்கும்போது, சீட்டுக்கட்டின் மேல் கிடந்த செங்கல் நினைவுக்கு வந்தது. மடித்த துணியைக் கட்டிலில் அப்படியே விட்டுவிட்டு நடந்தாள்.

மனோங் செல்சோ வேலியோரம் சேவல்களுக்குச் சோளம் போட்டுக்கொண்டிருந்தார். சிமியோனின் சிவப்புச் சேவல் கடைசிக் கூட்டில் கால் கட்டப்பட்டு நின்றது. அவள் கேட்டதும் அவர் போனைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார்.

"இருந்தா எடுத்துக்க. நான் வேணும்னு வெச்சதில்ல. அழிக்கத் தெரியாம வெச்சதுதான்."

இருந்தன. ஒரு வருஷத்துக்கு முந்தையவை, ஐந்து, நீளமானவை. அனுப்பப் பார்த்தாள், அவர் போன் மறுத்தது. பக்கத்தில் வைத்து நேரடியாக மாற்றினால் முடியும் என்று பக்கத்து வீட்டுப் பெண் வந்து வழி காட்டினாள். இரண்டு போன்களும் ஒன்றையொன்று கண்டுபிடித்தன. பிறகு மெர்லிண்டாவின் போன் இடமில்லை என்ற பழைய வாசகத்தைக் காட்டியது.

அவள் ரொடெலுக்கு எழுதினாள்: "செல்சோகிட்ட இருக்கு. என்கிட்ட இடம் இல்ல. லிசெல் வீடியோ நீ இன்னும் பாக்கல. இன்னொண்ணு அடக்கம்."

கப்பல் இன்னும் துறைமுகத்தில்தான் இருந்தது. பதில் உடனே வந்தது.

"அடக்கத்த அழி. நான் பாத்துட்டேன்."

வீட்டுச் சட்டப்படி அது சரிதான். மெர்லிண்டாவின் விரல் குப்பைத்தொட்டிப் படத்தின் மேல் நின்றது. அவள் செல்சோவிடம் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, வேலியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

"என்னாச்சு?"

"ஒரு தடவ பாத்துட்டு அழிக்கறேன், மனோங். நான் இன்னும் பாக்கல."

நீதான் எடுத்தாய் என்று அவர் சொல்லவில்லை. சோளத்தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

அவள் தட்டு உடைவதிலிருந்து பார்த்தாள். சிமியோனின் நண்பர்கள் பெட்டியைத் தூக்க வந்து கனம் தாங்காமல் கை மாற்றிக்கொண்டதை இப்போதுதான் கவனித்தாள். லிசெல் பெட்டிக்கு மேலே கைமாறும்போது கீழே குனிந்து எதையோ சொன்னாள். என்னவென்று காதில் விழவில்லை. பலகை மூடும் இடம் வந்ததும் மெர்லிண்டா திரையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கொத்தனார் கரண்டியைக் கழுவும்வரை கையை எடுக்கவில்லை. அதன் பிறகு அழித்தாள். கூடையையும் காலி செய்தாள்.

மாற்றி முடிக்க நேரமானது. முதல் வீடியோவைத் திறந்தாள். தரை, கோரைப்புல், செருப்பு நுனி. இந்த முறை சத்தத்தை முழுவதும் கூட்டி வைத்தாள்.

"மெதுவா, டோட்டோ" என்றார் சிமியோன். "மெதுவா தின்னு. நீ எங்கயும் போக வேண்டியதில்ல. இங்கயேதான இருக்க."

நடுவில் ஒரு இருமல். பிறகு மறுபடி, "டோட்டோ."

அவள் அதை அனுப்பும் பொத்தானைத் தொட்டுவிட்டு, போய்ச் சேரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.