தொண்ணூற்றொரு மணி நேரம்

முப்பத்தொரு வருஷம் கடலில் உழைத்த போர்க்கப்பலின் சேவை வரலாற்றைத் தலைமையகத்து அதிகாரி ஒன்றரைப் பக்கத்தில் அடக்கி, மடித்துச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். மறுநாள் காலை கப்பலுக்கு ஓய்வு. கொடி இறங்குமுன் மேல்தளத்தில் அந்த வரலாற்றை வாசிப்பது, கப்பலில் அதிக வருஷம் இருந்தவரின் உரிமை. எஞ்சின் அறைத் தலைமை மெக்கானிக்கை விட்டால் வேறு ஆள் இல்லை. காது பாதி மந்தம். வாய் முழுசாக இருந்தது.

அவர் எஞ்சின் அறையில் நின்றபடியே தாளைப் படித்தார். பன்னிரண்டாம் வருஷத்துக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"புயல் வாரத்துல நாம துறைமுகத்துல பராமரிப்புல இருந்தோம்னு போட்டிருக்கே."

"ஆவணத்துல அப்படித்தான் இருக்கு, சீஃப்."

அந்த வாரம் தலைமையகம் வெளியே போகாதே என்றது. அப்போதைய கேப்டன், ரேடியோ சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். மூழ்கிக்கொண்டிருந்த மீன்பிடிப் படகிலிருந்து பதினான்கு பேரை இழுத்தெடுத்தார்கள். இழுத்த கயிறு சமையல்காரரின் வலது கையில் இரண்டு விரலைக் கொண்டுபோயிற்று. கட்டளையை மீறிய கப்பல் நல்ல காரியம் செய்துவிட்டது என்று ஒப்புக்கொள்வதைவிட, கப்பல் போகவே இல்லை என்று எழுதுவது மேலிடத்துக்குச் சுலபமாக இருந்தது. கப்பல் போகவில்லை என்றால் கயிறும் இல்லை. மருத்துவச் சீட்டில் 'காய்கறி நறுக்கும்போது கவனக்குறைவு' என்று ஏறிவிட்டது. பத்தொன்பது வருஷமாக மாலுமிகள் "கத்தி ஜாக்கிரதை" என்று சொல்லித்தான் அவரிடம் தட்டை நீட்டினார்கள்.

சமையல்காரர், மெக்கானிக்கின் மனைவிக்குத் தம்பி. "என் தம்பி விரல் வரலாத்துல வரலேன்னா நீங்க வீட்டுக்கு வர வேணாம்" என்று காலையில்தான் அந்த அம்மாள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அந்த வாரத்தை எழுதுங்க, சார்."

"முடியாது. வேணும்னா எஞ்சின் அறையைப் பாராட்டி நாலு வரி சேர்க்கிறேன்."

"நாலையும் நீங்களே வச்சுக்குங்க. எனக்கு உண்மையா ஒரு வரி போதும்."

"அரை வரி. 'கடுமையான வானிலையைச் சந்தித்தது.' அதுக்கு மேல இறங்க மாட்டேன்."

"வானிலையைத் துறைமுகத்துலயே சந்திக்கலாம், சார். ஒரு குடை போதும்."

தேநீரோடு வந்த சமையல்காரர் தயங்கினார். "விடுங்க மாமா. நாளைக்குக் கப்பலே இல்ல. விரலுக்கு என்ன வந்துச்சு?"

"நீ டீயைக் குடு, மாப்ளே. விரலுக்கு வாய் கிடையாது. எனக்கு இருக்கு."

மெக்கானிக் அலமாரியிலிருந்து எண்ணெய்க்கறை படிந்த பதிவேட்டை எடுத்தார். எஞ்சின் சுழலும் நேரத்தை மட்டும் எண்ணும் மீட்டர் ஒன்று எஞ்சின் பக்கத்திலேயே இருக்கும்; அது காட்டும் எண்தான் பதிவேட்டில் ஏறும். மீட்டரைப் பின்னால் திருப்ப முடியாது. மேலே இருந்த பயணக் குறிப்பை மாற்றி எழுதியவர்களுக்குக் கீழே இறங்கி வந்து மீட்டரைப் பார்க்கத் தோன்றவில்லை. மேல்தளத்துக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு அது.

"திங்கள்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவுல தொண்ணூத்தொரு மணி நேரம். கட்டிப்போட்ட கப்பல் எங்கே ஓடிச்சு?"

"சோதனை ஓட்டமா இருக்கும்."

"சரி. அடியில படிங்க."

'கடலில் கூடுதலாக ஓடியதால் உடனடிப் பழுதுபார்ப்பு தேவை.' கீழே, வால் நீண்ட ஒரு கையெழுத்து. அன்று தலைமையகத்திலிருந்து வந்த இளம் சோதனையாளருடையது. அதிகாரி தன் கையெழுத்தின் வாலைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மிரட்டுறீங்களா?"

"இல்ல, சார். நாளைக்கு வாசிக்கப்போறேன்."

"தாள்ல இல்லாததை வாசிச்சா மைக்கை அணைச்சிடுவேன். நாளைக்கு உங்களுக்குக் குடுக்க வேண்டிய பதக்கமும் என் பையிலயே இருக்கும்."

"இருக்கட்டும். டர்பைன் பக்கத்துல கத்திப் பழகின தொண்டைக்கு மைக் எதுக்கு?"

மறுநாள் பன்னிரண்டாம் வருஷம் வந்ததும் அவர் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார். முதல் எண்ணிலேயே மைக் செத்தது. அவர் குரலை உயர்த்தினார். புயல், பதினான்கு பேர், கயிறு, இரண்டு விரல், எல்லாம் கரையில் நின்ற குடும்பங்கள்வரை கேட்டது. கடைசியில் கையெழுத்துக்காரரின் பதவியையும் வாசித்து, "இதோ இங்கதான் நிக்கிறார்" என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. மறுக்க வழியில்லாமல் அதிகாரி கையை உயர்த்திச் சல்யூட் அடித்தார். வரிசையில் நின்ற சமையல்காரர் கையுறையைக் கழற்றிவிட்டு, மூன்று விரலால் பதில் சல்யூட் அடித்தார்.

பதக்கம் வரவில்லை. மத்தியானம் கப்பலில் கடைசிச் சாப்பாடு. தட்டை நீட்டிய மாலுமி பழக்கத்தில் வாயைத் திறந்தான். சமையல்காரர் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார்.

"ம், சொல்லு."

"இன்னும் ஒரு கரண்டி போடுங்கண்ணே" என்றான் அவன்.