கரடியின் ஜீப்பில் ஏறியவர்கள்

சென்னையில் இருந்த ஒரு அனிமேஷன் கம்பெனியில் கலையரசனின் வேலை கண் சிமிட்டுவது. வெளிநாட்டுக் கார்ட்டூன்களில் வரும் முயல், பூனை, இளவரசி எல்லோருக்கும் அவன்தான் இமைகளை மூடித் திறந்துகொண்டிருந்தான். அந்த இமைகள் எந்தத் தேதிக்குள் மூடித் திறக்க வேண்டும் என்று அவனை விரட்டுவது காஷிஃபாவின் வேலை. ஒரு நாள் கம்பெனியே கண்ணை மூடிவிட்டது. கலையரசன் ஜவ்வாது மலை மேலே புதூர்நாட்டில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். காஷிஃபா வாணியம்பாடிக்குத் திரும்பி, அப்பா ஷஃபியுல்லாவின் தோல் கடையில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் கலையரசன் போன் செய்தான்.

"ஒரு கரடி இருக்குதுங்க. ஜீப் ஓட்டுது. புதூர்நாட்டுலருந்து நெல்லிவாசலுக்கு ஷேர் ஜீப்."

"அப்புறம்?"

"அவ்ளோதாங்க."

காஷிஃபாவுக்கு அது போதும் என்று பட்டது. அவன் வரைவது, மற்றதை அவள் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மற்றது என்றால் எவ்வளவு என்பதை இரண்டு பேருமே பேசிக்கொள்ளவில்லை.

ஒரு டிவி சேனலில் கேட்டுப் பார்த்தார்கள். கரடியைச் சிறுவனாக மாற்றி, ஜீப்பைப் பறக்க விட்டால் யோசிக்கலாம் என்றார்கள். அதனால் ஜனங்களிடமே பணம் திரட்டுவது என்று இணையத்தில் ஒரு பக்கம் திறந்தாள் காஷிஃபா. முதல் வாரம் பணம் போட்டது மூன்று பேர். ஒருவர் கலையரசனின் அண்ணன். இன்னொருத்தி காஷிஃபாவின் கல்லூரித் தோழி. மூன்றாமவர் அது நிஜக் கரடிகளைக் காப்பாற்றும் திட்டம் என்று நினைத்துக் கொடுத்தவர். விஷயம் தெரிந்ததும் பணத்தைத் திருப்பிக் கேட்டார். பிறகு மனசு கேட்காமல், பாதியை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் புதூர்நாடு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது காஷிஃபாவுக்கு ஒரு யோசனை வந்தது. போனிலேயே தட்டி, பக்கத்தில் ஏற்றிவிட்டாள்: பணம் தருபவர் அனுப்பும் முகம், கரடியின் ஜீப்பில் ஒரு பயணியாக வரையப்படும். அதோடு கலையரசன் வரைந்துவைத்திருந்த ஒரு துண்டுப் படத்தையும் சேர்த்தாள். அவசரத்தில் வரைந்து முடிக்காத துண்டை ஏற்றியது அவளுக்குத் தெரியாது. அதில் ஜீப் மேட்டில் நின்றுவிடுகிறது, கரடி இறங்கித் தள்ளுகிறது, ஜீப் போய்விடுகிறது, கரடி மட்டும் அதே இடத்தில் நின்று வெறும் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

ஜனங்கள் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்கள். ஆபீஸ் குரூப்புகளில், கல்லூரிக் குரூப்புகளில் அந்தக் கரடி சுற்றியது. "திங்கக்கிழமை நான்" என்று அதற்குக் கீழே எழுதினார்கள். பணம் வந்தது. கேட்டதை விடவும் அதிகமாகவே வந்தது.

"அது தப்புங்க. ஜீப் பின்னாடி கரடி ஓடறத இன்னும் வரையவே இல்ல" என்றான் கலையரசன்.

"தப்புன்னு வெளிய சொல்லிடாதீங்க" என்றாள் காஷிஃபா.

பணத்தோடு முகங்களும் வந்தன. பாஸ்போர்ட் போட்டோ, ஹெல்மெட் போட்ட செல்ஃபி, கல்யாண ஆல்பத்தில் வெட்டியது. ஒருவர் தன் மேனேஜரின் படத்தை அனுப்பி, ஜீப் மேலே கட்டும் மூட்டைக்குக் கீழே வைக்கச் சொன்னார். கடையில் ஷஃபியுல்லா மகளிடம் கேட்டார்:

"ஜனங்க எதுக்கும்மா உனக்குக் காசு குடுக்கறாங்க?"

"அவங்க மூஞ்சி படத்துல வரும் அத்தா."

"கண்ணாடியில வர்றது பத்தலியா?"

காஷிஃபா அடுத்த பில்லைப் போட்டாள்.

ஒரு ஜீப்பில் எத்தனை பேர்தான் ஏற முடியும்? நெல்லிவாசல் ஜீப்பாகவே இருந்தாலும் அதற்கும் ஓர் அளவு உண்டு. ஒரு தடவை போய்த் திரும்புவதாக இருந்த கரடி, இப்போது பல டிரிப் அடிக்க வேண்டியதாயிற்று. பத்து நிமிடப் படம் அரை மணி நேரத்தை நெருங்கியது. கலையரசன் அண்ணன் வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து முகமாக வரைந்து தள்ளினான். எல்லோருக்கும் கண் சிமிட்டல் வேறு வைக்க வேண்டியிருந்தது.

கரடிக்குக் குரல் கொடுத்தவர் சடையன். நிஜமாகவே அந்த வழியில் ஜீப் ஓட்டுபவர். "ஏறு, ஏறு, எடம் கீது" என்று அவர் சொல்வதைக் கேட்டால், இடம் இல்லாத ஜீப்பிலும் ஏறத் தோன்றும். ஜீப்பின் கண்ணாடிகளை ஏற்றி, மேலே கம்பளியைப் போர்த்தி, உள்ளே வைத்துப் பதிவு செய்தார்கள். படம் பாதி முடிந்த நிலையில் சடையனுக்குப் பல் வலி வந்தது. திருப்பத்தூருக்குப் போய் முன்பற்கள் இரண்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு கரடியின் பேச்சில் பாதி காற்றாகவே வந்தது.

"மொதல்லருந்து மறுபடி பேசணுமாண்ணா?" என்றாள் காஷிஃபா கவலையோடு.

"ஏம்மா, கரடிக்கும் பல்லப் புடுங்கிடுங்க" என்றார் சடையன்.

அப்படியே செய்தார்கள். இரண்டாவது டிரிப்புக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் கரடி பல் டாக்டரிடம் போகும் காட்சி ஒன்று சேர்ந்தது. அதை வரைந்து முடித்த வாரமே சடையன் பல் செட்டு கட்டிக்கொண்டு வந்து நின்றார். பேச்சு மணி மணியாக இருந்தது. கரடிக்கும் பல் கட்ட முடியுமா என்று கேட்டார். கலையரசன் முடியாது என்று சொல்லிவிட்டான். அதன் பிறகு சடையன் பேச உட்காரும்போதெல்லாம் பல் செட்டைக் கழற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கரடியானார்.

கண்ணமங்கலத்திலிருந்து சாந்தம்மாள் போன் செய்தது அந்தச் சமயத்தில்தான். ரோட்டோரம் டிபன் கடை வைத்திருப்பவள். கல்லூரிக்குப் போகும் மகள் செவ்வந்தி போனில் கரடியைக் காட்டியிருக்கிறாள். பணம் போட்டுவிட்டு, ஒரு ஆணின் படத்தையும் மகளை விட்டு அனுப்பியிருந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு. பேரு குமரேசன். வூட்ட வுட்டுப் போயி ஒம்பது வருசம் ஆவுது."

"எங்க போனாருங்க?"

"அது தெரிஞ்சா உனுக்கு ஏம்மா போன் பண்றேன்? அந்த ஆளு ஒரு எடத்துல குந்தினா அது பொம்மப் படம் பாக்கத்தான். பொண்ணோட குந்திக்கினு, சோறு ஆறிப்போற வரிக்கும் பாப்பாரு. எங்க இருந்தாலும் இதப் பாப்பாரு."

"பாக்காமலும் போவலாங்க."

"பாக்காட்டிப் போவுது. ஜன்னல் ஓரமா குந்த வையி. வளைவுல அவருக்கு வாந்தி வரும்."

இது காணவில்லை அறிவிப்பு இல்லையே என்று காஷிஃபாவுக்குத் தோன்றியது. ஆனால் மேனேஜர்களை மூட்டைக்கடியில் வைக்கும் படத்தில் ஒரு புருஷனை ஜன்னலோரம் வைக்க முடியாது என்று எப்படிச் சொல்வது? ஒப்புக்கொண்டாள். கலையரசனுக்கு ஒரே ஒரு சந்தேகம். படம் பழையது, வயதைக் கூட்டி வரையலாமா? காஷிஃபா திரும்பவும் கேட்டாள்.

"போனப்ப எப்படி இருந்தாரோ அப்டியே போடு" என்றாள் சாந்தம்மாள். "வயசாவறது அவரு பாடு."

மூன்றாவது டிரிப்பில் குமரேசன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வளைவில் தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தார். கலையரசன் அதைப் பொறுமையாக, மரியாதையோடு வரைந்திருந்தான்.

சொன்ன தேதி தாண்டிப் போயிற்று. இடி விழுந்து கம்ப்யூட்டர் ஒன்று கருகியதில் ஒரு முழு டிரிப் போய்விட்டது. அதில் இருந்தவர்களை மற்ற டிரிப்புகளில் பிரித்து ஏற்ற வேண்டியிருந்தது. சிலர் ஜீப்பின் கூரைக்குப் போனார்கள். ஒருவர், சீட்டுக்குக் காசு கொடுத்தவனைக் கூரையில் உட்கார வைப்பது நியாயமா என்று எழுதினார். கூரையில் காற்று நன்றாக வரும் என்று காஷிஃபா பதில் எழுதினாள். அவரும் ஒத்துக்கொண்டார். இன்னொருவர் வாரம் தவறாமல் "கரடி எங்கே?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வாரம் தவறாமல் "வந்துகொண்டிருக்கிறது" என்றாள். கடையில் பில் போடும்போதும், பஸ்ஸில் மலையேறும்போதும் அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் தோல் வாங்க வந்தவரிடமும் காரணமில்லாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.

கடைசியில் படம் முடிந்தது. திருப்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், பணம் போட்டவர்களுக்குத் திரையிட்டார்கள். அவரவர் முகம் வந்தபோது அவரவர் எழுந்து நின்று போனில் படம் பிடித்தார்கள். முகம் போனதும் உட்கார்ந்து, பிடித்ததைப் பார்த்தார்கள். கரடியைப் பார்த்தவர்கள் குழந்தைகள்தான். பல் டாக்டர் காட்சியில் அவர்கள் சிரித்த சிரிப்பில் சடையன் கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கலையரசன் பின்னால் சுவரோரம் நின்று பார்த்தான்.

"எப்படி இருக்கு?" என்றாள் காஷிஃபா.

"கண்ணு நல்லா சிமிட்டறாங்க" என்றான். அவன் முகம் மலர்ந்திருந்தது. அவன் அவ்வளவு சந்தோஷப்பட்டு அவள் பார்த்ததில்லை.

படத்தை இணையத்தில் போட்டார்கள். நிறையப் பேர் பார்த்தார்கள். "கரடி எங்கே?" என்று கேட்டவர் "ஓ, இங்கேயா" என்று எழுதினார். காஷிஃபா கொஞ்ச நாள் நிம்மதியாகத் தூங்கினாள். பிறகு ஒரு காலையில், தெரியாத எண்ணிலிருந்து ஒரு ஆண் குரல்.

"கரடி படம் எடுத்தது நீங்களா? அதுல என் மூஞ்சி எப்டி வந்துச்சு?"

"எந்த டிரிப்புங்க?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டாள்.

"மூணாவது. ஜன்னல் ஓரம். வாந்தி எடுக்கறது."

காஷிஃபா எழுந்து நின்றாள். ஓசூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருக்கிறாராம் குமரேசன். குடியிருப்புப் பிள்ளைகள் எல்லாம் படத்தைப் பார்த்துவிட்டு, கேட்டில் நின்று அவரை "வாந்தி அங்கிள்" என்கிறார்களாம்.

"யாரு குடுத்தா போட்டோவ?" என்றவர், அவள் வாய் திறப்பதற்குள், "அவளா?" என்றார்.

"ஆமாங்க."

அந்தப் பக்கம் லாரி ஒன்று போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"படம் பாத்தீங்களா?" என்றாள் காஷிஃபா. வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"மூணு தபா பாத்தேன். பல்லு புடுங்கற எடம் நல்லாகீது. அது கெடக்கட்டும், என் மூஞ்ச எடுத்துடு. இல்லாட்டி போலீசுக்குப் போவேன்."

"உங்க வீட்டு நம்பர் தரட்டுங்களா?"

"மூஞ்ச எடு, போதும்" என்று வைத்துவிட்டார்.

அன்று முழுவதும் அவள் போட்ட பில்கள் தப்பாகவே போயின. முகம் அவருடையது, எடுக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. படத்தில் இருந்த பலரிடமும் சம்மதம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆனால் சீட்டுக்குப் பணம் கொடுத்தவள் சாந்தம்மாள். சொல்லாமல் எடுத்தால் அவளுக்குச் செய்யும் துரோகம். சொன்னால், புருஷன் கிடைத்துவிட்டார், ஆனால் உன் பக்கம் வர மாட்டாராம் என்று சொல்ல வேண்டும். அதைப் போனில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் வேலூர் போய், அங்கிருந்து ஆரணி பஸ் பிடித்துக் கண்ணமங்கலத்தில் இறங்கினாள்.

சாந்தம்மாள் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். காஷிஃபா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை சாந்தம்மாள் வடைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உசுரோட கீறாரா?"

"இருக்காருங்க."

"கொரலு எப்டி இருந்துச்சு?"

"கோவமா பேசினாரு."

"அப்ப நல்லாத்தான் கீறாரு." ஒரு ஈடு வடையை எடுத்து எண்ணெய் வடிய வைத்தாள். "எங்கியாவது செத்துக் கெடக்கறாரோன்னு ஆஸ்பத்திரி வாசல்லல்லாம் நின்னேம்மா. இனிமே நிக்க வேணாம்."

"நம்பர் என்கிட்ட இருக்குங்க. வேணுங்களா?"

சாந்தம்மாள் அடுத்த ஈடு வடையை எண்ணெயில் போட்டாள். "வேணாம்" என்றாள்.

உள்ளே மாவு ஆட்டிக்கொண்டிருந்த செவ்வந்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "எனக்குக் குடுங்கக்கா." செவ்வந்தி எண்ணை வாங்கி, 'ஜன்னல் சீட்' என்று பெயர் போட்டுச் சேமித்துக்கொண்டு மாவு ஆட்டப் போய்விட்டாள்.

"அவர எடுத்துடு" என்றாள் சாந்தம்மாள். "ஆனா காசு குடுத்த எடம் காலியா போவக் கூடாது. என்னப் போடு."

காஷிஃபா போனை எடுத்தாள். சாந்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"கரண்டிய வெச்சிடட்டா?"

"இருக்கட்டுங்க."

பையில் இடமில்லை என்று சொல்லியும் கேட்காமல், சாந்தம்மாள் ஒரு பொட்டலம் வடையை அதிலேயே திணித்து அனுப்பினாள். பஸ் வேலூர் சேரும்வரை காஷிஃபா அழுதுகொண்டே வடை தின்றாள். பக்கத்து சீட்டுக்காரர் காரம் அதிகமா என்று கேட்டார்.

ஆளை மாற்றுவது கலையரசனுக்குச் சுலபமாக இல்லை. சாந்தம்மாளுக்குப் பஸ்ஸிலோ ஜீப்பிலோ வாந்தி வராது. விசாரித்தாயிற்று. அதனால் அந்த வளைவு முழுவதையும் திரும்ப வரைந்தான். இப்போது அந்த வளைவில் ஜன்னலோரம் ஒரு அம்மாள், கையில் கரண்டியோடு, வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டு போகிறாள். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினார்கள். ஓசூரிலிருந்து அப்புறம் போன் வரவில்லை. செவ்வந்தி பேசினாளா என்று காஷிஃபா கேட்கவும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் ஒருவர் படத்தின் கீழே எழுதியிருந்தார்: "வாந்தி எடுப்பவர் எங்கே போனார்? என் பையனுக்கு அவரைத்தான் பிடிக்கும்."

"அவர் இறங்கிவிட்டார்" என்று காஷிஃபா பதில் போட்டாள்.

"எந்த ஸ்டாப்பில்?" என்று அவர் மறுபடி கேட்டார்.