கார்த்திகை மழை

தீவிலிருந்து மழைமானியின் பதிவு மதியம்தான் ஷோபாவுக்கு வந்து சேர்ந்தது. கெட்டுக் கிடந்த கருவியைத் திறந்து, உள்ளே இருந்ததை யாரோ மீட்டு அனுப்பியிருந்தார்கள். நவம்பரில் ஒரு சொட்டு இல்லை. டிசம்பரிலும் இல்லை.

எரிமலையே இல்லாத திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு, கடல் தாண்டிய தீவில் ஓர் எரிமலைப் பள்ளத்துக்குக் காவல் இருப்பது அவள் வேலை. பள்ளத்துக்குள்ளேயே ஏரி, பள்ளிக்கூடம், ஆறாயிரம் பேர். அவள் கணவன் பரணி அங்கே கருவியோடு இடம் இடமாகப் போய்ப் புவியீர்ப்பை அளப்பான். அடியில் பாறைக்குழம்பு ஏறிக் கனம் கூடினால் எண் கூடும்.

அக்டோபரில் அளந்ததைவிட ஜனவரியில் எண் கூடித்தான் இருந்தது. ஷோபா பதறவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்யாமல் இருக்குமா? சத்தியவேட்டில் பிறந்தவளுக்கு அதில் சந்தேகமே வராது. மண் நீர் குடித்துக் கனத்திருக்கிறது என்று எழுதி, பெய்யாத மழையின் கனத்தை எண்ணிலிருந்து கழித்துவிட்டாள். மழை பெய்ததா என்று தீவில் ஒருவரையும் கேட்கத் தோன்றவில்லை. இவ்வளவு படித்தும் புத்தி சத்தியவேட்டை விட்டு நகரவில்லை. இப்போது கழித்ததைத் திருப்பிச் சேர்த்துப் பார்த்தாள். அடியில் ஏதோ நிறைந்துகொண்டிருந்தது.

உடனே பரணிக்குப் போன் போட்டாள்.

"எங்க கீற மாமா?"

"ஏரிக்குப் போய்க்கினு கீறேன். பள்ளிக்கூடத்தாண்ட ஒரு பாயிண்ட் பாக்கி."

"போவாத. அங்க மழையே பெய்யல. நான்தான் தப்பா கழிச்சிட்டேன். மேட்டுக்கு வந்துடு."

"காலையில பள்ளிக்கூடத்தாண்டதான் ஆரம்பிச்சேன். அங்கயே திரும்பி அளந்து கருவி சரியான்னு பாக்கலன்னா இன்னிக்கு எடுத்ததெல்லாம் வீணு. நீயே எத்தினி வாட்டி தூக்கிப் போட்டுகீற."

"போனா போவுது. வந்துடு மாமா."

"ஆறாயிரம் பேரைக் கிளப்பணும்னா எண்ணு வேணும் ஷோபா. வாய்வார்த்தைக்கு எவன் வூட்டை விட்டுப் போவான்?"

லைன் அறுந்தது.

அவன் எடுக்கும் எண்கள் நேரே அவள் திரையில் வந்து விழும். கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. மற்ற நாளில் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து அவனைத் திட்டுவாள். இன்று அது காலியாகவே கிடக்கட்டும் என்று ஏழுமலையானை வேண்டிக்கொண்டாள். நாற்பது நிமிடம் ஒன்றும் வரவில்லை. மேட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்து மூச்சு விட்டாள்.

அப்போது எண் விழுந்தது. காலையில் அதே இடத்தில் எடுத்ததைவிடப் பதினொன்று கூடுதல். ஒரு நாளில் இரண்டு கூடினாலே அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்ப்பாள்.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் அந்த எண்ணுக்குக் கீழே இன்னொரு கட்டம் திறந்தது. பரணி அங்கேயே நின்று மறுபடி அளக்க ஆரம்பித்திருந்தான்.