இரண்டு கேபிள், ஒரு மாமா

கணவர் மருந்தாளுநர். சீட்டு ஒட்டாத எதுவும் விஷமாக இருக்கக்கூடும் என்பது அவருடைய தொழில் தந்த முடிவு. ஆகவே முந்தைய நாள் கீழ்க்கூடத்து ரூட்டரிலிருந்து மாடிக்கு இரண்டு கேபிள்களை இழுத்து முடித்ததும், கீழே தொங்கிய இரு முனைகளிலும் கடையின் வெள்ளைச் சீட்டுகளை ஒட்டினார். ஒன்றில் ‘அப்பா’, மற்றதில் ‘மாமா’ என்று எழுதியிருந்தது.

மாடியின் ஒரு கோடியில் அவருடைய தந்தையின் அறை, அங்கே தொலைக்காட்சி. மறுகோடியில் மனைவியின் தந்தையின் அறை; அங்கே இரண்டாவது வைஃபை பெட்டி. ரூட்டரில் ஒரே ஒரு துளைதான் மிச்சம். கூடுதல் துளைகளுள்ள பெட்டியை மாலையில் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு அவர் கடைக்குக் கிளம்பினார்.

“இன்டர்வியூவுக்கு முன்னாடி கேபிளைச் செருகிடு. எல்லாம் எழுதி ஒட்டியிருக்கேன், கண்ணை மூடிக்கிட்டுச் செருகலாம்.”

மனைவிக்குப் பதினோரு மணிக்கு இணையவழி நேர்காணல்: ஒரு பெரிய நூலகத்தில் நூற்பட்டியல் தயாரிக்கும் வேலை. மூன்று ஆண்டுகளில் அவளுக்கு வந்த முதல் அழைப்பு. பக்கத்து வீட்டில் சுவர் இடித்துக்கொண்டிருந்ததால் கூடத்தில் உட்கார வழியில்லை. தன் அப்பாவின் அறையே கதி. பத்தே முக்காலுக்கு ‘அப்பா’ கேபிளைச் செருகிவிட்டு அவள் மாடியேறினாள்.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவளுடைய தந்தை அதைக் காய்ச்சல்மானி பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்தார்.

“இறங்கல,” என்றார்.

மறுகோடி அறையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது: “மருமகளே! டிவி பளிச்சுன்னு வருது! உனக்கு அவசரம் இருக்கிறப்பவும் என்னை நினைச்சியே!”

அவள் கணவரை அழைத்தாள்.

“ஏங்க, சிவப்பாவே எரியுது.”

“எதைச் செருகின?”

“அப்பா கேபிளை.”

“அதான் தப்பு. மாமா கேபிளைப் போடு.”

“மாமா டிவிக்கு இப்ப என்னங்க அவசரம்? இன்டர்வியூ எனக்கு!”

“மாமாகிட்ட ஏது டிவி? டிவி அப்பாவோடது.”

“எங்கப்பா ரூம்ல டிவியே கிடையாதே!”

மறுமுனையில் யாரோ இருமல் மருந்து கேட்டார்.

“இரு. நீ யாரோட அப்பாவைச் சொல்ற?”

“என் அப்பாவை. எனக்கென்ன ரெண்டு அப்பாவா?”

“நான் எழுதினது என் அப்பாவை.”

“அப்போ அந்த மாமா?”

“உங்கப்பா.”

“செருகப்போறது நான்னு தெரியும்ல? எனக்கு மாமா யாருன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?”

“எழுதுறப்போ நான் நானாத்தானே இருந்தேன்,” என்றார் அவர்.

அப்போது பத்து ஐம்பத்தாறு. அவள் கீழே ஓடி, தன் தந்தையின் பெயரால் நின்ற மாமனாரின் கேபிளைப் பிடுங்கி, மாமனாரின் பெயரால் கிடந்த தந்தையின் கேபிளைச் செருகினாள். மேலே ஒரே சமயத்தில் இரு குரல்கள் எழுந்தன.

“போச்சு!” என்றார் மாமனார்.

“பச்சை!” என்றார் தந்தை.

பதினோரு மணிக்குத் திரையில் மூவர் தோன்றினர். நடுவில் இருந்த அம்மையார் கேட்டார்: “ஒரே பெயர்ல ரெண்டு ஆசிரியர் இருந்தா பட்டியல்ல எப்படிப் பிரிப்பீங்க?”

அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. “கூப்பிடுறவங்களைப் பொறுத்து மாறாத ஒண்ணைப் பேருக்குப் பக்கத்துல எழுதணும் மேடம். பிறந்த வருஷம் மாதிரி. இல்லேன்னா எழுதினவருக்கு மட்டும்தான் அது பட்டியல்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். எப்போது வேலையில் சேர முடியும் என்பது அவர்களுடைய கடைசிக் கேள்வி.

மாலையில் கணவர் புதிய பெட்டியோடு வந்து பழைய சீட்டுகளை உரித்தார். வெறும் சீட்டு இரண்டை எடுத்துக்கொண்டு, அவள் சொன்ன முறைப்படியே, இரு தந்தையரிடமும் பிறந்த ஆண்டைக் கேட்டார்.

இருவரும் ஒரே ஆண்டில் பிறந்திருந்தார்கள்.