தலையில் ஒரு கை

சேவை செய்யத்தான் நான் போனேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் போனது வாழ்த்து வாங்க.

வெள்ளம் வடிந்த தெருக்களில் வீடுகளைக் கழுவிக் கொடுக்கும் குழு எங்களுடையது. கடைசி நாளன்று, எந்த வீட்டை யார் கழுவினாரோ அவர் தலையில் அந்த வீட்டுக்காரர் கை வைத்து நாலு நல்ல வார்த்தை சொல்வார். யார் ஆரம்பித்து வைத்த பழக்கமோ, போகிற இடமெல்லாம் இது நடக்கும். குழுவிலுள்ள வாலிபப் பிள்ளைகள் அதுவரை கேலி பேசுவார்கள்; தலையில் கை விழுந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்புவார்கள். நான் ஓரமாக நின்று பார்ப்பேன். வயதானவள் என்று என்னைச் சமையல் பக்கமே ஒதுக்கியிருந்தார்கள். சட்டி கழுவுகிறவளுக்கு யார் வாழ்த்துச் சொல்வார்கள்?

என் வீட்டுக்காரர் போன பிறகு என் தலையைத் தொட்டவள் முடி வெட்டுகிற பெண் ஒருத்திதான். மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான். "சாப்டியாம்மா?" என்பான். "சாப்டேன்" என்பேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது. மற்ற நாட்களில் மூன்றாவது மாடியில் நானும் டிவியும்தான். தனிமை என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதற்கு வேறு பெயர் கிடையாது.

அதனால் இந்த முறை எங்கள் தலைவனிடம் ஒற்றைக்காலில் நின்றேன். எந்நேரமும் விசிலும் கையுமாகத் திரிவதால் அவனுக்கு விசில் என்றே பெயர்.

"எனக்கும் ஒரு வீடு குடு தம்பி."

"இடுப்பு பிடிச்சுக்கிட்டா உங்கள யாரு தூக்குறது அக்கா?"

"நீதான். வேற எதுக்குத் தலைவன்னு இருக்கே?"

தெருக்கோடியில் இரண்டு அறை வீடு கிடைத்தது. தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகும் ஒருத்தியும் அவள் மகளும் குடியிருந்தார்கள். கட்டில் காலெல்லாம் சேற்றில் புதைந்திருந்தது. நான் மண்வெட்டியால் வழிக்க, அவள் வாளியில் அள்ளிக் கொட்ட, மகள் சுவரைத் தேய்த்தாள். இடுப்பு என்னைத் திட்டியது. நான் பதிலுக்கு இடுப்பைத் திட்டினேன்.

பொழுது சாயும்போது அவள் கைகால் கழுவிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவாள். வாசலில் நின்று மகள் தலையில் கை வைப்பாள். "கதவப் பூட்டிக்கோ. யார் தட்டினாலும் தொறக்காத. காலைல வந்துடுவேன்." தினமும் இதே மூன்று வாக்கியம். அந்தப் பெண் "சரி, சரி, தெரியும்" என்று முகத்தைச் சுளிப்பாள். கொடுத்துவைத்த கழுதை என்று எனக்குப் பொறாமையாக இருக்கும்.

கடைசி நாள் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் கூடினோம். நான் காலையிலேயே தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் போயிருந்தேன். வைக்கிற கை பிசுபிசுக்கக் கூடாதே. என் முறை வந்ததும் தலையைக் குனிந்தேன். எதுவும் விழவில்லை. பார்த்தால், அவள் என் காலடியில் கிடக்கிறாள், பக்கத்தில் மகளும்!

"நீங்க பெரியவங்க. நீங்கதாம்மா எங்கள வாழ்த்தணும்."

அவ்வளவுதான், தெருவே என் பக்கம் திரும்பிவிட்டது. அங்கே நரைத்த தலை என்னுடையது ஒன்றுதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் வந்தார்கள், கடைசியில் விசிலும் வந்து குனிந்தான். "நல்லா இருங்க, நல்லா இருங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்குக் கை வலித்தது. கண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டே அடுத்த தலையைத் தொட்டேன். அவர்கள் அதைப் பூரிப்பு என்று நினைத்துக்கொண்டார்கள்.

எங்கள் லாரி கிளம்பும் நேரத்தில் குழாயடியில் அந்த வீட்டுக்காரி தனியாக நின்றாள். மானத்தை விட்டுக் கேட்டுவிட்டேன்.

"எனக்குன்னு சொல்ல யாரும் இல்லம்மா. நீயே கை வெச்சு ஏதாவது சொல்லு."

"ஐயோ, உங்களுக்குப் போய் நானா? எனக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாதும்மா."

"தெரிஞ்சதச் சொல்லு."

ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என் தலையில் வைத்தாள். மண்ணள்ளிக் காய்த்துப்போன கை, நல்ல கனம்.

"கதவப் பூட்டிக்கோங்க" என்றாள். "யார் தட்டினாலும் தொறக்காதீங்க. காலைல..."

அதோடு நிறுத்திவிட்டாள். என் முகத்தைப் பார்க்காமல் கையை எடுத்துக்கொண்டாள். விசில் ஊதினான்.

வீடு வந்து சேர்ந்ததும் கதவைப் பூட்டினேன். தட்டினால் திறக்கக் கூடாதாம். தட்ட யார் இருக்கிறார்கள் என்று சிரிப்புத்தான் வந்தது. இருந்தாலும் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும் அல்லவா? தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

காலையில் கண் விழித்ததும் முதலில் வாசலைத்தான் பார்த்தேன்.