மூலையில் ஒரு விரல்

ஏலக்காரருக்குக் குரல்வளையை எடுத்து நான்கு மாதமாகிறது. முப்பது வருடம், பழைய மேசை நாற்காலிகளையும் மூடிப்போன கடைகளின் சாமான்களையும் தொண்டை கிழியக் கூவி விற்றவர். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்னால், எதிரொலி வராமலிருக்கச் சுவரோரம் மெத்தைகளைச் சாத்திய படுக்கையறையில் தனியாக உட்கார்ந்து, தொழிலுக்கு வேண்டிய முந்நூறு வாக்கியங்களைத் தன் குரலில் பதிவுசெய்து வைத்தார். அந்த யோசனையைக் கொடுத்தவள் அவருடைய கொழுந்தியாள், லிஃப்ட் மெக்கானிக். சீட்டுக்கட்டு அளவிலான குட்டிக் கணினி ஒன்றை வாங்கி, அதில் ஏழு அங்குலத் தொடுதிரையும் ஸ்பீக்கரும் பூட்டினாள். திரையில் உள்ள கட்டத்தைத் தொட்டால் அவர் குரலே பேசும்.

குரல் போனபிறகு இன்றுதான் முதல் ஏலம். காலை எட்டரைக்குக் கொழுந்தியாளுக்கு அவள் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"படம் தெரியுதுடி. தொட்டா ஒண்ணும் நடக்கல. இவரு குத்திக் குத்திப் பாத்துட்டு இப்ப செவுத்தப் பாத்து உக்காந்திருக்காரு."

"குத்த வேணாம்னு சொல்லு. வந்துட்டே இருக்கேன்."

ஒன்பது மணிக்கு அவள் ஏலக்கூடத்தின் பின்னறையில் இருந்தாள். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில், முழங்காலில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார். முகம் செத்துப்போயிருந்தது. வாசலில் நின்ற கூடத்து முதலாளி கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"பத்து மணிக்கு ஆரம்பிச்சாகணும். முடியலன்னா சொல்லிடுங்க, என் மைத்துனன் தயாரா இருக்கான். நல்ல கனமான குரல் அவனுக்கு."

மைத்துனன் ஒருமுறை மேடை ஏறிவிட்டால் இறங்கமாட்டான் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

"பத்துக்கு அத்தான் மேடையில இருப்பாரு. கொஞ்சம் கதவ சாத்திட்டுப் போங்க" என்றாள் அவள். முதலாளி போய்விட்டார்.

தினமும் லிஃப்டில் நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களின் கூச்சலைக் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கிறவள் அவள். அவசரம் அவளுக்குப் பழகிய சமாசாரம். எதையும் கழற்றுவதற்கு முன் திரையைப் பார்த்தாள். ஓரத்தில் கடிகாரம் நொடி தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"கம்ப்யூட்டர் உசுரோடதான் இருக்கு அத்தான். விரலத்தான் அதுக்குத் தெரியல."

அணைத்துப் போட்டாள். அதே கதைதான். மறுபடி அணைத்து, திரையையும் கணினியையும் இணைக்கும் ரிப்பன் போன்ற வயரை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மடிப்பும் இல்லை, கீறலும் இல்லை. திரும்பச் செருகிப் பூட்டினாள். படம் வந்தது. தொட்டாள். கல்லைத் தொட்டதுபோல இருந்தது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "புதுசு வாங்கணுமா?"

"இருக்கா. ஆபீஸ் ரூம்ல மவுஸ் இருக்கும், எடுத்துட்டு வா."

மவுஸைச் செருகியதும் திரையில் அம்புக்குறி தோன்றியது. நகர்த்தினால் நகர்ந்தது, ஆனால் இரண்டு அங்குலம் போவதற்குள், யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல வலது மேல்மூலைக்குத் தாவி அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. மூன்று தடவை செய்து பார்த்தாள். மூன்று தடவையும் அதே மூலை. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"திரை கெட்டுப்போகல. யாரோ அந்த மூலையில விரல வெச்சு அழுத்திட்டே இருக்காங்க. அத விட்டுட்டு நம்மள கவனிக்க திரைக்கு நேரமில்ல."

"யாருமே தொடலியே" என்றாள் அக்கா.

திரையைச் சுற்றிப் பளபளவென்று ஒரு பித்தளைச் சட்டம். அவள் செய்து கொடுத்தபோது இருந்தது வெறும் பிளாஸ்டிக் விளிம்பு.

"இது எப்ப வந்துச்சு?"

அத்தான் சிலேட்டை மெதுவாக எடுத்து எழுதினார். 'நேத்து சாயங்காலம். நானே பூட்டினேன். மேடைல பாக்க லட்சணமா இருக்கட்டும்னு.'

அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். மற்ற மூன்று மூலையிலும் திருகு அளவாக இருந்தது. வலது மேல்மூலையில் மட்டும் உயிரைக் கொடுத்து முறுக்கியிருந்தார். பித்தளை கண்ணாடியின் மேலேயே உட்கார்ந்திருந்தது. அதைத்தான் திரை விரல் என்று நம்பிக்கொண்டிருந்தது. திருகுகளைக் கழற்றிச் சட்டத்தைத் தூக்கினாள். அம்புக்குறியின் நடுக்கம் நின்றது.

"தொடுங்க அத்தான்."

அவர் தயங்கினார். பிறகு ஒரு கட்டத்தைத் தொட்டார்.

"வணக்கம். எல்லாரும் உக்காருங்க" என்றது அவர் குரல்.

அக்கா சுவரோடு சாய்ந்து அழுதாள். அவள் அழட்டும் என்று விட்டுவிட்டு, தங்கை ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு நூறுவரை எண்களைச் சரிபார்த்தாள். சட்டத்தின் அடியில் ரப்பர் துண்டு வைத்துத் திரும்பப் பூட்டலாம்தான். அதற்கு இன்று நேரமில்லை. அத்தானும் கேட்கவில்லை.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் மேடை ஏறினார். முதல் சாமான் தேக்கு மேசை. ஸ்பீக்கர் சின்னது, முன்போலக் கூடம் அதிரவில்லை. பேச்சுச் சத்தம் அடங்கவேயில்லை. மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து, "ஒண்ணும் கேக்கலீங்க" என்றார்.

ஏலக்காரர் அவரை நிதானமாகப் பார்த்துவிட்டு, திரையின் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அந்தப் பக்கத்தில் என்ன பதிவுசெய்திருக்கிறார் என்பது கொழுந்தியாளுக்கே தெரியாது.

"பக்கத்துல இருக்கறவரு வாய மூடினா கேக்கும். அவரு மூடலன்னா நீங்க மூடுங்க."

கூடம் வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது அப்படி ஒரு அமைதி. ஒரே விரலால் அவர் விலையை ஏற்றிக்கொண்டே போனார். கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது. கூவி விற்ற காலத்தில் ஒருநாளும் அவருக்கு இப்படி அடங்கி உட்கார்ந்த கூட்டம் கிடைத்ததில்லை.

பன்னிரண்டாவது சாமான் போகும்போது கொழுந்தியாளின் போன் அதிர்ந்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே நான்கு பேர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அக்காவிடம் சைகையில் சொல்லிவிட்டு, பின்பக்கமாகப் படியிறங்கினாள்.